வெயிலுக்கு என்ன உடுத்தலாம்? சேலம், நாமக்கல் மலிவு அலங்காரத்தின் 200 வருடக் கதை

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் வகுப்பில் பெண்களுக்கு இரண்டே பேச்சுதான். "எங்கே மலிவா நல்ல காட்டன் கிடைக்கும்?" என்பது ஒன்று. "வேர்வையில வழியாம முகத்துக்கு என்ன போடறது?" என்பது இன்னொன்று. பையன்கள் சிரித்துவிட்டு, நாலு நாள் கழித்து அதே கேள்வியைத் தனியாக வந்து கேட்பார்கள். :-)

என்னிடம் கேட்டால் நான் சொல்லும் பட்டியல் சின்னது. பருத்திச் சேலை அல்லது பருத்திச் சுடிதார் துணி, தலைக்கும் கழுத்துக்கும் ஒரு துண்டு, ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசு, கஸ்தூரி மஞ்சள், கண் மை, கொஞ்சம் பவுடர், ஒரு பாக்கெட் ஷாம்பு. அவ்வளவுதான்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பட்டியலை ஒருமுறை திரும்பப் பாருங்கள். சேலைக்கு இளம்பிள்ளை, துண்டுக்கு குமாரபாளையமும் பள்ளிபாளையமும், கொலுசுக்குச் செவ்வாய்ப்பேட்டை, மஞ்சளுக்கு நாமகிரிப்பேட்டை. பெரும்பாலான சாமான் நம் வீட்டிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில்தான் உருவாகிறது. ஊரெல்லாம் மலிவு என்று நம்ம பக்கம் தேடி வந்து வாங்கிப் போகிறார்கள். அந்த மலிவு எங்கிருந்து வந்தது? இதைத்தான் வரலாறாகப் பார்க்கப் போகிறோம்.

(நாமக்கல் தனி மாவட்டமானது 1997-ல்தான். அதற்கு முன் பெரும்பாலான காலம் சேலம் ஜில்லா. அதனால் பழைய கதைகளில் "சேலம்" என்று வந்தால் திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல் எல்லாம் சேர்த்தே படியுங்கள்.)

கம்பெனி வாங்கிய துணி

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கலெக்டராக வந்தவர் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீட். அவருக்கு உதவியாளராக இருந்தவர்தான் பின்னால் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. இவர்கள் நிலவரியை எப்படி மாற்றினார்கள் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். துணியைப் பற்றி அவ்வளவாக வராது.

கம்பெனி முதலில் ஒரு வியாபாரக் கூட்டம். அதற்கு லண்டனுக்கு ஏற்றுமதி செய்யத் துணி வேண்டும். வரி வசூலிக்க ஒரு கலெக்டர் இருந்த மாதிரி, துணி கொள்முதல் செய்ய "கமர்ஷியல் ரெசிடெண்ட்" என்று தனி அதிகாரி சேலத்தில் இருந்தார். கொள்முதல் முறை எளிது. நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பார்கள். அவர் நூல் வாங்கி நெய்து, குறித்த தரத்தில், குறித்த விலைக்குத் துணியைக் கொடுக்க வேண்டும். முன்பணம் தீராதவரை வேறு வியாபாரிக்கு நெய்ய முடியாது. வெளியில் நல்ல விலை போனாலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். "முன்பணம்" என்ற இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையில் இது மறுபடியும் வரும்.

அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணிகளில் ஒன்றுக்கு "சேலம்பூர்" என்று பெயர். பெயரைக் கேட்டதும் நம்ம ஊர்த் துணி என்று துள்ளத் தோன்றும். சேலத்தின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு, மறுப்பவர்களும் உண்டு. அது அதிகம் நெய்யப்பட்டது நெல்லூர், மசூலிப்பட்டணம் பக்கம். சாதாரணப் பருத்தித் துணி, நீலச் சாயம் போட்டது நிறைய. போன இடங்களில் ஒன்று மேற்கிந்தியத் தீவுகள். அங்கே கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்கர்களுக்கு உடுத்தக் கொடுத்தார்கள். மலிவு, கெட்டி, வெயிலுக்கு ஏற்றது என்பதுதான் அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம். நாம் இன்று கடையில் கேட்கிற அதே மூன்று குணங்கள்! நெய்தவருக்கும் உடுத்தியவருக்கும் விலை சொல்லும் உரிமை இருக்கவில்லை.

நூல் வந்தது, பஞ்சம் வந்தது

பிறகு மான்செஸ்டர் துணி வந்து நம் நெசவு அழிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிடுவோம். உண்மை கொஞ்சம் சிக்கலானது. முதலில் பெரிய அடி விழுந்தது நெசவாளிகள் மேல் அல்ல, நூற்ற பெண்கள் மேல். மில் நூல் மலிவாகவும் சீராகவும் வந்ததும் கைராட்டினத்தில் நூற்றுக் கூலி வாங்கிய கிராமத்துப் பெண்களின் வருமானம் போனது. சேலத்து நெசவாளிகள் மில் நூலுக்கு மாறித் தறியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். செங்குந்தர், தேவாங்கர், சௌராஷ்டிரர் என்று பல சமூகங்கள் தறி வைத்திருந்ததால், வேட்டி, சேலை, பட்டுக்கரை அங்கவஸ்திரம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு ரகத்தில் தேர்ந்தவர்களாக இருந்தார்கள். மான்செஸ்டர் மில்லுக்கு வெள்ளைத் துணி நெய்வது சுலபம். கரையும் முந்தானையும் ஊருக்கு ஊர் மாறுகிற சேலையை நெய்து கொடுப்பது அவ்வளவு சுலபமில்லை. தறி பிழைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம். அதாவது, தன் ஊர்க் கரைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பெண்கள் காப்பாற்றியது!

ஆனால் வாங்குகிறவர் கையில் காசு வேண்டுமே. 1876-78 தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைக் கடுமையாகத் தாக்கியது. 1871 மக்கள்தொகைக் கணக்கில் ஜில்லாவில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு காணாமல் போயிருக்கிறது. செத்தவர்களும் உண்டு, பிழைக்கப் புறப்பட்டுப் போனவர்களும் உண்டு. மழை பொய்த்தால் விவசாயி முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். அதனால் பஞ்சத்தில் நெசவாளி அரிசி விலையாலும் அடிபட்டார், துணி விற்காததாலும் அடிபட்டார்.

இதற்குப் பிறகு நடந்த ஒரு சுவாரசியமான சம்பவம் பலருக்குத் தெரியாது. 1906-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற அதிகாரியின் முயற்சியில் சென்னை அரசாங்கம் சேலத்தில் ஒரு நெசவுச் சாலையை ஆரம்பித்தது. நாடாவைக் கயிற்றால் இழுத்து ஓடவிடுகிற புதுத் தறியைப் போட்டு, நெசவாளிகளை ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்து, கூலி கொடுத்து நெய்யவைப்பது திட்டம். உற்பத்தி கூடியது. ஆனால் நெசவாளிகள் ஒழுங்காக வரவில்லை. வீட்டுத் தறியில் ராட்டை சுற்ற மனைவி, தார் போடக் குழந்தைகள், பாவு விரிக்க அப்பா அம்மா என்று குடும்பமே உழைக்கும். சாலைக்குப் போனால் அந்த உழைப்புக்கெல்லாம் இடமில்லை. நேரத்துக்கு வா, நேரத்துக்குப் போ என்பதும் பிடிக்கவில்லை. சில வருடங்களில், 1910-ல், சாலை மூடப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் நம் கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. கைத்தறிச் சேலை ஏன் மலிவு? ஒருவர் கூலியில் நாலு பேர் உழைப்பு அடங்கியிருப்பதால். மற்ற மூன்று பேர் உழைப்பு யார் கணக்கிலும் எழுதப்படுவதில்லை.

விலை அதிகமான துணி: கதர்

நம்ம பக்கம் துணி அரசியலான கதைக்கு வருவோம். சேலத்தில் வக்கீலாக இருந்து, 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, 1925 பிப்ரவரியில் திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். நிலம் கொடுத்தவர் அந்த ஊர் ஜமீன்தார் ரத்தினசபாபதி கவுண்டர். அதே வருடம் காந்தியும் வந்து பார்த்தார். வறண்ட பூமி. மழை இல்லாத வருடங்களில் வேலையே கிடையாது. சுற்று வட்டாரப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து நூற்கச் சொல்லி, நூலுக்குக் கூலி கொடுத்து, அதைத் துணியாக்கி விற்றார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, கதர் மலிவுத் துணி அல்ல. மில் துணியைவிட விலை அதிகம், முரடு வேறு. பிறகு ஏன் வாங்கினார்கள்? வெள்ளைக்காரத் துணி கூடாது என்ற உணர்ச்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், "இந்தக் கூடுதல் காசு நூற்ற பெண்ணுக்குப் போகிறது" என்று வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது. துணியின் விலையில் உழைத்தவருக்கு எவ்வளவு என்ற கேள்வியை நம் ஊர்க் கடைத்தெருவில் வெளிப்படையாகப் பேசவைத்தது கதர்தான். ஆசிரமம் இன்றும் நடக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகும் பிரச்சினை தீரவில்லை. 1935-லேயே நெசவாளர் கூட்டுறவு அமைப்பாகக் கோ-ஆப்டெக்ஸ் ஆரம்பித்தாகிவிட்டது. ஆனால் 1952, 53 வாக்கில் கைத்தறித் துணி தேங்கி, சென்னை மாகாணம் முழுக்க நெசவாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி, வேட்டியையும் சேலையையும் கைத்தறிக்கே ஒதுக்க வேண்டும் என்று மத்திய அரசிடம் கேட்டார். எதிர்க்கட்சிப் பக்கத்தில் அண்ணா 1953-ல் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு விற்றார். எதிரும் புதிருமான இரண்டு பேரும் ஒத்துப்போன சில விஷயங்களில் இது ஒன்று!

அந்த ஒதுக்கீடு முறையான சட்டமாக வந்தது 1985-ல். 22 வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டும்தான் நெய்யலாம் என்றது. பின்னால் அது 11 வகையாகக் குறைந்தது. சட்டம் இருக்கிறது. அதை மீறி விசைத்தறியில் நெய்வதும் நடக்கிறது.

தறிக்காரர் மகன் திறந்த சினிமாக் கொட்டகை

இனி முகத்துக்கு வருவோம். துணியிலிருந்து மேக்கப்புக்குத் தாவுவதற்கு நமக்கு ஒரு நல்ல பாலம் இருக்கிறது. அவர் பெயர் டி.ஆர். சுந்தரம். திருச்செங்கோட்டுக்காரர், ஜவுளி வியாபாரக் குடும்பம். இங்கிலாந்தில் லீட்ஸுக்குப் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். வந்தவர் மில் வைக்காமல், 1935-ல் சேலத்தில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவை ஆரம்பித்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான "பாலன்" (1938) இவர்கள் எடுத்தது. தமிழின் முதல் முழுநீளக் கலர் படமான "அலிபாபாவும் 40 திருடர்களும்" (1956) இவர்கள் எடுத்தது.

கலர் படம் வந்ததும் மேக்கப்பின் கணக்கே மாறிவிட்டது. கறுப்பு வெள்ளையில் உதட்டுச் சாயம் என்ன நிறம் என்று யாருக்குத் தெரியும்? கலரில் எல்லாம் தெரியும். உலகம் முழுக்கவே அப்படித்தான். "பான்கேக்" என்கிற மேக்கப்பை மாக்ஸ் ஃபாக்டர் கம்பெனி 1930-களின் கடைசியில் ஹாலிவுட் கலர் படங்களுக்காக உருவாக்கி, பிறகு கடைகளிலும் விற்றது. சினிமாவுக்காகப் பிறந்து வீட்டுக்கு வந்த சாமான் அது.

நம் ஊரில் அது உடனே வீட்டுக்கு வரவில்லை. பான்கேக் வாங்கக் காசு ஏது? வீட்டில் இருந்ததெல்லாம் மூன்றே சாமான்.

முதலாவது மஞ்சள். நாமகிரிப்பேட்டை ஏலத்தில் விரலி, கிழங்கு, பனங்காலி என்று ரகம் பிரிப்பார்கள். இவை சமையலுக்கும் வியாபாரத்துக்கும். முகத்துக்கு உகந்தது கஸ்தூரி மஞ்சள். இது வேறு செடி, வாசனை அதிகம், நிறம் குறைவாக ஒட்டும். பழைய குங்குமமும் மஞ்சள்தான். மஞ்சளோடு சுண்ணாம்பு மாதிரிக் காரம் சேர்ந்தால் சிவப்பாகிவிடும். ஆலாத்தி கரைக்கும்போது பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது கண் மை. ஆமணக்கு நம் மேட்டுக்காடுகளில் விளைந்தது. விளக்கெண்ணெய் விளக்கை ஏற்றி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, படிந்த கரியை வழித்து, அதே எண்ணெயில் குழைத்தால் மை. செலவு பூஜ்ஜியம். சென்னையில் 1938-ல் ஆரம்பித்த அரவிந்த் லேபரட்டரீஸ் "ஐடெக்ஸ்" என்று டப்பியில் போட்டு விற்றபோது, நம் பெண்கள் காசு கொடுத்து வாங்கிய முதல் மேக்கப் சாமான்களில் ஒன்றாக அது ஆனது.

மூன்றாவது பவுடர். குட்டிக்குரா, பாண்ட்ஸ், கோகுல் சாண்டல் என்று நம் அம்மா, பாட்டி வாயில் வரும் பெயர்கள். பவுடர் டப்பாவில் இருக்கும் முக்கியப் பொருள் டால்க் என்கிற கனிமம். மாக்கல்லில் இருப்பதும் பெரும்பாலும் இதே டால்க்தான்! நம் பக்கத்துக் கல்சட்டி அந்த மாக்கல்லில் செய்தது. அதனால்தான் கல்சட்டியைத் தொட்டால் வழவழவென்று இருக்கிறது. பாட்டி குழம்பு வைத்த சட்டியும் பேத்தி முகத்தில் போட்ட பவுடரும் ஒரே குடும்பம். :-)

டால்க் பற்றி ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நிலத்தடியில் டால்க்கும் ஆஸ்பெஸ்டாஸும் பக்கத்துப் பக்கத்தில் கிடைப்பதால் கலப்பு வர வாய்ப்புண்டு. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி 2023-ல் உலகம் முழுக்க டால்க் குழந்தைப் பவுடரை நிறுத்தி, சோள மாவுப் பவுடருக்கு மாறியது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2024-ல் டால்க்கைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையில் சேர்த்தது. பயந்து ஓடவேண்டாம், ஆனால் டப்பாவைக் கவிழ்த்துப் புகை மாதிரி கொட்டி மூச்சில் இழுக்கவும் வேண்டாம்.

ஒரு ரூபாயும் வெள்ளை நிறமும்

மேக்கப் வரலாற்றில் தமிழ்நாடு உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்று உண்டு. அது பாக்கெட். கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், பெரிய பாட்டில் வாங்க முடியாதவர்களுக்காகச் சின்னப் பாக்கெட்டில் சாமான் விற்கலாம் என்ற யோசனையைக் கொண்டுவந்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் தனியாகச் சிக் ஷாம்புவை ஆரம்பித்தார். 1999-ல் அது 50 காசுக்கு வந்தது. கூலி வேலைக்குப் போகிற பெண் சந்தையில் மற்ற சாமானோடு ஒன்றை வாங்கிப் போகலாம். அதற்கு முன் ஷாம்பு என்பது டவுன்காரர் சாமான். பின்னால் பன்னாட்டுக் கம்பெனிகளெல்லாம் இதே வழிக்கு வந்தன. அந்தப் பாக்கெட்டுகளெல்லாம் இன்று சாக்கடையில் அடைத்துக்கொண்டு நிற்பது கதையின் அடுத்த பாகம்.

இன்னொரு மலிவுச் சாமானும் நம்மூர்ப் பெட்டிக்கடை வரை வந்தது. முகச்சிவப்புக் கிரீம். ஃபேர் அண்ட் லவ்லி 1975-ல் வந்தது. கெவின்கேர் 1998-ல் ஃபேர்எவர் விட்டது. இவற்றின் விளம்பரங்கள் சொன்னது ஒன்றுதான்: கறுப்பாக இருந்தால் வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்காது. உச்சி வெயிலில் மேட்டுக்காட்டில் களை வெட்டுகிற ஊரில் யார் கறுக்காமல் இருப்பார்கள்? அமெரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராட்டம் வெடித்த 2020-ல்தான் அந்தக் கிரீம் "குளோ அண்ட் லவ்லி" என்று பெயரை மாற்றிக்கொண்டது. பெயர் மாற 45 வருடம்! மஞ்சள், மை, பவுடர் மூன்றும் நம்மை இன்னொருத்தியாக ஆகச் சொல்லவில்லை. இது சொன்னது. அதனால்தான் என் பட்டியலில் இது இல்லை.

விசைத்தறியும் பாக்கியும்

1960, 70-களில் நைலானும் பாலியெஸ்டரும் வந்து, "கசங்காது, இஸ்திரி வேண்டாம், வருஷக்கணக்கில் உழைக்கும்" என்று வீட்டுக்கு வீடு புகுந்தன. வெயிலுக்கு அது கொடுமை என்று கட்டியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் காட்டன் சேலைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட நேரமில்லாத பெண்ணுக்கு அது பெரிய விடுதலை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கஞ்சி என்றதும் இன்னொரு கதை. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் வருவது நின்றபோது, சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்பவர் 1943 வாக்கில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவு எடுத்து விற்க ஆரம்பித்தார். அதுதான் சேலம் ஜவ்வரிசித் தொழிலின் ஆரம்பம். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவு வந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மாவு பாயசத்துக்கு மட்டுமல்ல, தறியில் பாவு நூல் அறுந்துபோகாமல் இருக்கவும் போகிறது. வீட்டில் சேலைக்குப் போடுகிற கஞ்சியும் அதேதான். நம் ஊரில் சாப்பாட்டுக்கும் துணிக்கும் ஒரே கிழங்கு.

இதே காலத்தில் குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு வட்டாரம் விசைத்தறிக்கு மாறியது. லுங்கி, துண்டு, வேட்டி, சேலை எல்லாம் இங்கிருந்து ஈரோடு ஜவுளிச் சந்தைக்குப் போய், அங்கிருந்து இந்தியா முழுக்கப் போகிறது. 1983-ல் எம்.ஜி.ஆர். ஆரம்பித்த பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டமும் இந்த வட்டாரத் தறிகளுக்கு வேலை கொடுத்தது.

கம்பெனி காலத்து முன்பணத்தை மறுபடி இங்கே பார்க்கிறோம். விசைத்தறித் தொழிலாளி வேலைக்குச் சேரும்போது முதலாளியிடம் ஒரு தொகை வாங்குவார். அதற்குப் பேர் "பாக்கி". கல்யாணம், ஆஸ்பத்திரி, வீட்டுச் செலவு என்று அது ஏறிக்கொண்டே போகும். வேறு பட்டறைக்குப் போகவேண்டுமென்றால் அந்தப் பாக்கியை அடைக்க வேண்டும், அல்லது புது முதலாளி அடைத்துவிட்டு இவரைக் கூட்டிப்போக வேண்டும். கீர்ட் டி நேவ் என்ற மானிடவியல் ஆய்வாளர் 1990-களில் குமாரபாளையத்தில் தங்கி இதை ஆராய்ந்தார். அவர் பார்த்தது ஒரு பக்கக் கதை அல்ல. ஆள் பற்றாக்குறைக் காலத்தில் தொழிலாளிகளே பெரிய பாக்கி கேட்டு வாங்குவார்கள். சிலர் திருப்பித் தராமல் போய்விடுவார்கள். முதலாளிகள் அதைக் கட்டுப்படுத்த முடியாமல் தவித்தார்கள். ஆனால் ஆர்டர் குறைந்து தறி நின்றால் கடன் யார் தலையில் நிற்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 2025-ல் பள்ளிபாளையத்தில் கடனில் சிக்கிய விசைத்தறித் தொழிலாளிகளிடம் தரகர்கள் சிறுநீரகத்தை விலைபேசி வாங்கினார்கள் என்ற புகார் வந்து, அரசு விசாரணை நடந்தது. அந்தப் பகுதிக்கு இது முதல் முறையும் அல்ல. நாம் தோளில் போட்டிருக்கிற துண்டு நெய்த ஊரின் செய்தி அது.

கொலுசுக்கும் இப்படி ஒரு பக்கம் உண்டு. செவ்வாய்ப்பேட்டைக் கடைகளில் பளபளக்கும் கொலுசு, சுற்றுவட்டார ஊர்களில் வீட்டு வேலையாகத்தான் உருவாகிறது. கம்பி இழுப்பது ஒருவர், வளையம் பின்னுவது ஒருவர், பொடி வைத்துப் பற்றவைப்பது ஒருவர், சலங்கை கோர்ப்பது, மெருகு போடுவது என்று பல கை மாறும். எல்லாம் எண்ணிக்கைக் கூலி. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 1996-ல் வெளியிட்ட கொத்தடிமைக் குழந்தைத் தொழிலாளர் அறிக்கையில் சேலத்து வெள்ளிப் பட்டறைகளும் இருந்தன. அப்பா வாங்கிய முன்பணத்துக்குக் குழந்தை வேலை செய்த கதை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல். அறிக்கை வந்தது 20 வருடம் கழித்து. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

இளம்பிள்ளைக்குப் போகலாமா?

இவ்வளவையும் படித்துவிட்டு "அப்போ எதையுமே வாங்கக்கூடாதா?" என்று கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. வாங்காமல் விட்டால் முதலில் பட்டினி கிடப்பது அதே தறிக்காரர்தான். தாது வருஷம் அதைத்தான் காட்டியது. பார்த்து வாங்கலாம் என்கிறேன்.

1. வெயிலுக்கு வேண்டியது பருத்தி. இளம்பிள்ளைத் தெருக்களில் கடைக்குக் கடை சேலை குவிந்திருக்கும், வாட்ஸ்அப்பிலும் யூட்யூபிலும் படம் போட்டு விற்கிறார்கள். "காட்டன் மாதிரி", "சில்க் மாதிரி" என்று சொன்னால் அந்த "மாதிரி"யைக் கவனியுங்கள். ஓரத்து நூல் ஒன்றை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் சாம்பலும் என்றால் பருத்தி. உருகி மணியாக உருண்டால் பாலியெஸ்டர்.

2. கைத்தறி என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்டால், 2006-ல் வந்த கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கோ-ஆப்டெக்ஸ் தள்ளுபடிக் காலத்தில் மாணவர் பட்ஜெட்டுக்கே நல்ல சேலை கிடைக்கும். அங்கே தள்ளுபடி கொடுப்பது நெசவாளியின் கூலியைப் பிடித்து அல்ல.

3. வீட்டில் யாருக்காவது கல்யாணம் என்றால் சேலம் வெண்பட்டு வேட்டியை நினைவில் வையுங்கள். புவிசார் குறியீடு பெற்றது. மலிவு இல்லை, ஆனால் அப்பா கட்டியதை மகன் கட்டலாம்.

4. கொலுசு வாங்கும்போது வெள்ளியின் தரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். ஹால்மார்க் கேளுங்கள்.

5. முகத்துக்குக் கஸ்தூரி மஞ்சள், கண்ணுக்கு மை, கழுத்துக்குக் கொஞ்சம் பவுடர் போதும். கலர் மாற்றுகிற கிரீம் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குத் தலையில் துண்டைப் போடுவதை எந்தக் கிரீமும் தோற்கடிக்க முடியாது.

பேரம் பேசுவதைப் பற்றிக் கடைசியாக ஒன்று. பெரிய ஜவுளிக்கடையில் ஒட்டியிருக்கிற விலையை நாம் வாய் திறக்காமல் கொடுத்துவிடுகிறோம். சந்தையில் தரையில் துணியைப் பரப்பி உட்கார்ந்திருக்கும் நெசவாளியிடம்தான் பத்து ரூபாய்க்கு அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறோம். 200 வருடமாக விலையைக் குறைக்கச் சொன்னவர்கள் எல்லாரும் பலசாலிகள். கம்பெனியும், மில்லும், மொத்த வியாபாரியும் கேட்டார்கள், அவர் கொடுத்தார். அடுத்த முறை இளம்பிள்ளைக்கோ ஈரோட்டுச் சந்தைக்கோ போனால், நெய்தவரே விற்கிறார் என்று தெரிந்தால், அந்தப் பத்து ரூபாயை விட்டுவிடுங்கள். சேலை அப்போதும் மலிவாகத்தான் இருக்கும்.